செதில்கால் நத்தை போத்தலில் துருப்பிடிக்கிறது, எது தகவமைப்பு, எது சேதம்?

கத்ர்போர்ன்_மாணவி

வணக்கம். இந்தியப் பெருங்கடலில் மூன்று புவித்தட்டுகள் சந்திக்கும் ரொட்ரீக்ஸ் முச்சந்திக்குப் பக்கத்திலுள்ள கைரெய் கடலடி வெந்நீர் ஊற்றில், சுமார் 2,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த செதில்கால் நத்தைகள் (பாதத்தில் செதில் மூடியவை) 70 சத ஆல்கஹாலில் இருக்கின்றன. கறுப்புச் செதில் பழுப்பாகி, போத்தல் அடியில் மண் மாதிரி படிகிறது. சாலிட்டேர் என்ற இன்னொரு ஊற்றுத் தளத்தில் எடுத்த, இதே இனத்து வெளிறிய நத்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று சந்தேகங்கள்:

துருவை எப்படி நிறுத்துவது? நிற வேறுபாட்டைத் தகவமைப்பு என்று ஆய்வேட்டில் எழுதலாமா? ஆர்என்ஏ தரவில் வெப்ப அதிர்ச்சிப் புரத மரபணுக்கள் (செல் நெருக்கடியில் இருக்கும்போது கூடுதலாக இயங்குபவை) உச்சத்தில் இருக்கின்றன. அதுவும் தகவமைப்புதானா?

பைரைட்_பைத்தியம்

துருதான். செதில் மேலிருப்பது இரும்பு சல்ஃபைடு. 70 சத ஆல்கஹால் என்றால் மீதி தண்ணீர், மூடிக்குக் கீழே காற்று. சல்ஃபைடு ஆக்சிஜனோடு சேரும்போது துரு மட்டுமல்ல, கந்தக அமிலமும் உண்டாகும். அதுதான் ஆபத்து. ஓட்டின் வெளிப்புறம் ஏறத்தாழ 30 மைக்ரோமீட்டர் சல்ஃபைடு, நடுவில் 150 அளவுக்குக் கரிமப் படலம், உள்ளே 250 அளவுக்கு அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். அமிலம் அந்த அரகோனைட்டைத் தின்னும்.

ஓட்டையும் செதிலையும் தசையிலிருந்து பிரித்துவிடுங்கள். 99 சத ஆல்கஹாலில் இரண்டு முறை அலசி உலர்த்தி, சிலிக்கா ஜெல்லும் ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலமும் போட்டு, அலுமினியப் படலம் உள்ள பையில் ஒட்டி மூடுங்கள். சாதாரண பாலிதீன் பை ஆக்சிஜனை உள்ளே விடும், பிரயோஜனமில்லை. ஆய்வகம் மொரீஷியஸில் க்யூர்பீப் பக்கம் என்றால் ஜெல்லை அடிக்கடி மாற்ற வேண்டிவரும், அந்த ஊர் ஈரம் தெரிந்ததுதானே! டிஎன்ஏவுக்கான தசைத் துண்டுக்குப் பத்து மடங்கு 99 சத ஆல்கஹால். 24 மணி நேரத்தில் ஒருமுறை மாற்றுங்கள். திசுவெட்டுக்கு ஃபார்மலின் என்றால் பஃபர் (அமிலத்தன்மை ஏறாமல் தடுக்கும் உப்புக் கலவை) சேர்த்தது மட்டும். வெறும் ஃபார்மலின் அமிலமாகி ஓட்டைக் கரைக்கும்.

இடுக்கி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். செதிலில் கிரெய்கைட் என்ற காந்தத்தன்மையுள்ள இரும்பு சல்ஃபைடு இருக்கிறது, காந்தமேறிய இடுக்கியில் ஒட்டிக்கொண்டு வரும்.

ஆழ்கடல்_அண்ணாச்சி

இரண்டாவது கேள்விக்கு: அப்படி எழுதாதீர்கள், தேர்வாளர் பிடித்துக்கொள்வார். சாலிட்டேர் ஊற்றுநீரில் இரும்பு குறைவு, கைரெய்யில் அதிகம். நத்தை செதிலுக்குள் இருக்கும் நுண்கால்வாய்கள் வழியாகக் கந்தகத்தை வெளியே தள்ளுகிறது. வெளியிலிருந்து இரும்பு ஊடுருவி வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நுண்துகள்கள் உருவாகின்றன. கறுப்பு நிறம் ஊற்றுநீர் கொடுத்தது. கந்தகத்தைத் தள்ளும் ஏற்பாடுதான் உயிரியுடையது.

தகவமைப்பைத் தேடுவதென்றால் உள்ளே தேடுங்கள். உணவுக்குழல் சுரப்பி வீங்கி, அதற்குள் நத்தைக்கு உணவு தயாரிக்கும் பாக்டீரியா குடியிருக்கிறது. செரிமானக் குழாய் சுருங்கிவிட்டது. இதயம் உடலின் கன அளவில் சுமார் 4 சதம், ஒரு நத்தைக்கு இது மிகப் பெரிது. பாக்டீரியாவுக்கு ஆக்சிஜனும் சல்ஃபைடும் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் இவ்வளவு பெரிய இதயம்.

குளிர்பெட்டி

மூன்றாவது கேள்விதான் ரொம்பப் பேரைக் கவிழ்ப்பது. மாதிரி எடுத்த நீர்மூழ்கி நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் ஏறினாலும் 2,400 மீட்டருக்கு 80 நிமிடம். அதற்குள் 240 வளிமண்டல அழுத்தம் இறங்கிவிடும். நத்தையை மேலே கொண்டுவரும் பெட்டி வெப்பக் காப்பில்லாததாக இருந்தால் நம் பக்கத்து வெதுவெதுப்பான மேல்நீரில் நத்தை வெந்தே போகும். நீங்கள் பார்ப்பது பயண அதிர்ச்சியாக இருக்க நிறைய வாய்ப்பு. கப்பல் குறிப்பேட்டில் பெட்டி வகை, மூடிய ஆழம், மேல்தளம் சேர்ந்த நேரம், உறையவைத்த நேரம் நான்கையும் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த மரபணுக்களை முடிவுரையில் சேர்க்காதீர்கள்.

அடுத்த பயணத்தில் ஆர்என்ஏலேட்டரை (ஆர்என்ஏ சிதையாமல் காக்கும் திரவம்) கடலடியிலேயே பெட்டிக்குள் செலுத்தச் சொல்லுங்கள். அது கடல்நீரைவிடக் கனமானது, பெட்டியின் அடியில் தங்கும். ஆனால் ஓடு மூடிய முழு நத்தைக்குள் சீக்கிரம் இறங்காது. மேலே வந்ததும் அரை சென்டிமீட்டருக்கு மிகாத துண்டுகளாக வெட்டி, ஐந்து மடங்கு திரவத்தில், 4 டிகிரியில் ஓரிரவு, பிறகு மைனஸ் 80. பாதம், செவுள், சுரப்பி மூன்றும் தனித்தனிக் குழாயில்.

கத்ர்போர்ன்_மாணவி

நன்றி. சுரப்பி ஆர்என்ஏவில் பாக்டீரியாவின் பங்கு மிகக் குறைவாக வந்திருக்கிறது. அதுவும் ஏறும்போது போனதா?

குளிர்பெட்டி

பாலி-ஏ வால் (விலங்கு எம்ஆர்என்ஏவின் நுனியில் இருக்கும் நீளமான அடினின் தொடர்) பிடித்துப் பிரித்திருப்பார்கள். பாக்டீரியா எம்ஆர்என்ஏவில் நீளமான வால் கிடையாது, கழுவிப் போயிருக்கும். ரைபோசோம் ஆர்என்ஏவை நீக்கும் முறையில் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். மிச்சத் திசு மைனஸ் 80-இல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், புயல் மாதங்களில் மின்சாரம் போயிருந்தால் அதையும் விசாரியுங்கள்.