கட்டியங்காரன் கேமரா முன்னால் நின்றால்: மேடைப் பழக்கம் உதவியா, உபத்திரவமா?

கெடிலக்கரை:
கடலூர், நெல்லிக்குப்பம் பக்கம் ஒரே ஆள் சீசனில் தெருக்கூத்தில் கட்டியங்காரன் (கேலி பேசிக் கூத்தை நடத்துகிறவர்), முகூர்த்த நாளில் வரவேற்பு மேடை மிமிக்ரி, பொங்கலுக்குக் கலைநிகழ்ச்சித் தொகுப்பாளர் என்று ஓடுவது சாதாரணம். ஏட்டு, டீக்கடைக்காரர், பெண்ணுக்குத் தாய்மாமன் மாதிரி சினிமா வேடங்களுக்கு இவர்களைவிடத் தயாரான ஆள் கிடையாது என்பது என் கட்சி. திரைக்குப் பின்னால் ராஜா விருத்தம் பாடும்போதே நீ யார், எந்த நாடு, எதற்கு வந்தாய் என்று வாயைப் பிடுங்குவது கட்டியங்காரன். ராஜா வசனத்தை விட்டால் நாலு கேலி பேசி மறுபடி பாட்டில் கொண்டுவந்து விடுவதும் அவர்தான். எதிராளி சொல்வதைக் காதில் வாங்கிப் பதில் கொடுப்பது. குணச்சித்திர நடிகருக்கு முக்கால்வாசி வேலை அதுதானே?

முத்தியால்பேட்டை:
வாங்குகிறார் அண்ணே, பதிலை யாரிடம் கொடுக்கிறார்? பாதி உடம்பைச் சபைப் பக்கம் திருப்பி, சிரிப்பு எழுந்து அடங்கும்வரை நின்று, அப்புறம்தான் அடுத்த வரி. ஷூட்டிங்கில் சிரிக்க ஆள் கிடையாது. அந்த இடைவெளி எடிட்டிங்கில் ஓட்டையாகத் தெரியும். பார்வை ஒரு தடவை லென்ஸில் பட்டாலே டேக் போச்சு.

இன்னொன்று கன்டினியூட்டி. ஒரே காட்சியைத் தூரத்திலிருந்து வைடு, இடுப்பளவு மிட், முகம் மட்டும் குளோஸ் என்று மூன்று தடவையாவது எடுப்பார்கள். ‘உட்காருங்க’ என்ற சொல்லில் டம்ளரை வைத்தால் எல்லா டேக்கிலும் அதே சொல்லில், அதே கையால் வைக்க வேண்டும். முதல் டேக்கில் துண்டு தோளில், அடுத்ததில் கக்கத்தில் என்றால் இரண்டையும் வெட்டி ஒட்ட முடியாது. மேடைக்காரருக்கு ஒவ்வொரு தடவையும் புதுசாகப் போடுவதுதான் பெருமை.

மூன்றாவது, குரல். ரிகர்சலில் மெதுவாகப் பேசுவார். சவுண்டுக்காரர் அதற்கு லெவல் வைப்பார். ‘ஆக்‌ஷன்’ என்றதும் கூத்துக் குரல் கிளம்பும். காலர் மைக்கில் பீக் அடித்து உடைந்த ஒலியை அப்புறம் முழுசாகச் சரிபண்ண முடியாது. டப்பிங்தான் கதி.

முகவீணை:
நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் கண்ணை மூடிய புதுச்சேரியில் இருந்துகொண்டு மேடை ஆகாது என்கிறீர்களே! எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, நம்பியார் நவாப் ராஜமாணிக்கம் கம்பெனி. எம்.ஆர்.ராதா சாகும்வரை மேடைக்காரர்தான். கெட்டா போய்விட்டார்கள்?

முத்தியால்பேட்டை:
ஐயா, அன்றைக்கு சினிமாவே நாடகத்தைத்தான் படம் பிடித்தது. அந்தக் காலத்துக்கு அந்தக் குரல் சரி.

முகவீணை:
அப்படியானால் பசுபதி? குரு சோமசுந்தரம்? ந.முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் வளர்ந்தவர்கள்தானே?

முத்தியால்பேட்டை:
அவர்கள் உடம்பு, மூச்சு, குரல் என்று அடிப்படையிலிருந்து பயிற்சி எடுத்தவர்கள். திருவிழா மேடையிலிருந்து நேராக செட்டுக்கு வந்தவர்கள் இல்லை. அதே பயிற்சி இங்கேயும் இருக்கிறது. காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழக நிகழ்கலைப் பள்ளிக்கு நீங்கள் சொன்ன சுவாமிகள் பெயர்தான். மேடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது மட்டும் போதாது என்கிறேன்.

கெடிலக்கரை:
பழக்கினால் வராதது இல்லை, தம்பி. செல்போனை ஸ்டாண்டில் வைத்து, லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளிப் பொட்டு ஒட்டி, அதைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். அதே வசனத்தை மூன்று தடவை எடுத்து, கை எந்தச் சொல்லில் நகர்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், ஆளே தன் தப்பைக் கண்டுபிடித்துவிடுவார். லெவல் கேட்கும்போது டேக்கில் பேசப்போகும் குரலிலேயே பேச வேண்டும். இதெல்லாம் பத்து நாள் பாடம். எதிராளிக்கு ஈடுகொடுக்கும் காது பத்து வருஷப் பாடம். எதை எளிதாக வாங்கலாம்?

மஞ்சக்குப்பம்:
ரெண்டு பேரும் முகத்தை மறந்துட்டீங்க. ராத்திரி கூத்து, காலையில் 7 மணிக்குக் கால்ஷீட் என்றால் தோலே காட்டிக்கொடுத்துவிடும். முத்துவெள்ளை என்ற வேஷப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போட்டிருப்பார்கள். பலர் நேராக சோப்பு போடுகிறார்கள். எண்ணெய்ப் பூச்சு சோப்புக்கு அசையாமல் மூக்கோரத்திலும் புருவ வேரிலும் வெள்ளையாக நிற்கும், குளோஸ்அப்பில் சாம்பல் திட்டாகத் தெரியும். முதலில் வெறும் தேங்காய் எண்ணெய் தடவி, கறை கரைந்ததும் பழைய வேட்டித் துணியால் ஒத்தி எடுக்கணும். ரெண்டு முறை செய்தபின் கடலை மாவு, கடைசியில்தான் சோப்பு. மஞ்சள் நிற அரிதாரப் பொடி பூசுகிற குழுவாக இருந்தால் அதை விட்டுவிடச் சொல்லுங்கள், அது ஆர்சனிக். கேமராவைவிட உயிர் முக்கியம்.

மீசை இன்னொரு தலைவலி. சினிமாவில் மீசையோடு பாதி எடுத்திருப்பார்கள், நடுவில் திரௌபதி வேஷம் கட்ட ஆள் இல்லை என்று இவரை மழிக்கச் சொல்வார்கள். அப்புறம் ஒட்டு மீசைதான். பேசும்போது உதட்டோரம் அந்த மீசை பின்னிய வலை தூக்கும், வேர்வை பட்டால் இன்னும் மோசம்.

முத்தியால்பேட்டை:
தேதிச் சண்டையும் அங்கேதான் தொடங்குகிறது. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பெரும்பாலும் பங்குனியிலிருந்து ஆடி வரை. தாம்பூலம் மாற்றி முன்பணம் வாங்கிய ராத்திரிக்குக் கட்டியங்காரன் வராவிட்டால் மாற்றாள் போட முடியாது, மொத்தக் கூத்தையும் நகர்த்துகிறவர் அவர். சினிமாக்காரர்களோ முதல் நாள் மாலையில்தான் தேதியை மாற்றுவார்கள். யாரை ஏமாற்றுவது?

கெடிலக்கரை:
யாரையும் வேண்டாம். ஒப்புக்கொள்ளும்போதே தாம்பூலம் வாங்கிய தேதிகளை எழுதி மேனேஜர் கையில் கொடுத்துவிட வேண்டும். சம்மதித்தால் வேடம், இல்லையென்றால் ஆவணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். பான் அட்டையையும் அப்போதே கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சம்பளத்தில் பிடிக்கிற வரி (டிடிஎஸ்) 10 சதவீதத்திலிருந்து 20 ஆகிவிடும்.

முகவீணை:
மிமிக்ரியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?

முத்தியால்பேட்டை:
அது கூத்தைவிடப் பெரிய சிக்கல், ஐயா. ஆடிஷன் வீடியோவில் கோபம் என்றால் ஒரு பிரபல நடிகர் குரல், அழுகை என்றால் இன்னொருவர் குரல் தானாக வந்துவிடும். பார்ப்பவர் பத்தாவது விநாடியில் மூடிவிடுவார். வீடியோவில் பெயரும் உயரமும் சொந்தக் குரலில் சொல்லி, முகத்தை இரண்டு பக்கமும் காட்டினால் போதும். வெளிச்சம் முன்னாலிருந்து, போன் கண் மட்டத்தில், பின்னால் வெறும் சுவர். எதிர்வசனம் படிப்பவர் போனுக்குப் பின்னால் நின்று தாழ்ந்த குரலில் படிக்கட்டும்.

கெடிலக்கரை:
எதிர்வசனம் படிக்க இன்னொரு கட்டியங்காரனையே கூப்பிடுங்கள். அவர் ஒரு சொல் மாற்றிப் போட்டாலும் நம்ம ஆள் தடுமாற மாட்டார்.

முத்தியால்பேட்டை:
அதுதான் வேண்டாம் என்கிறேன் அண்ணே! எழுதிய வசனத்தைப் படிக்கச் சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து தனிக் கூத்தே நடத்திவிடுவார்கள்.