பௌர்ணமி வாரமா, அடுத்த வாரமா? மாமியார், குழந்தைகளோடு தீவுக்கு

கிளிஞ்சல்:
சனி, ஞாயிறு இரண்டு நாள் ஒரு குட்டித் தீவுக்குப் போவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. நான், கணவர், எட்டு வயது மகள், நாலு வயது மகன், மாமியார். படகில் அரை மணி நேரம். போக சனிக்கிழமை காலை 8 மணிக்கும் 11 மணிக்கும் படகு, திரும்ப ஞாயிறு மாலை 4 மணிக்கு ஒன்றுதான்.

எந்த வாரம் என்பதில்தான் இழுபறி. ஒன்று, சனிக்கிழமையே பௌர்ணமி வருகிற வாரம். இல்லையென்றால் அதற்கடுத்த வாரம். தீவுக்குப் பக்கத்தில் ஒரு மணல் திட்டு இருக்கிறது. கடல் வற்றும்போது நடந்தே போகலாமாம். மகள் அதற்காகவே ஒரு வாரமாக வாளியும் கரண்டியும் எடுத்து வைத்திருக்கிறாள். மாமியாருக்கு முழங்கால் வலி. படகுத்துறையில் படிகள் நிறைய என்று கேள்விப்பட்டதிலிருந்து, "நான் வீட்டைப் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்கிறார். அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கணவருக்குப் படகு என்ற சொல்லைக் கேட்டாலே குமட்டும்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். "எல்லாம் பார்த்துக்கலாம், கிளம்புங்க" வகைப் பதில் வேண்டாம். அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறார்.

பழைய துடுப்பு:
முதலில் ஒரு வேலை செய்யுங்கள். படகுக்காரரிடம், போன பௌர்ணமியன்று மணல் பாதை எத்தனை மணிக்குத் திறந்தது என்று கேளுங்கள். மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

கிளிஞ்சல்:
கேட்டேன். உச்சிப்பொழுதில் நன்றாக வற்றியிருந்ததாம். கிட்டத்தட்ட 12 மணி.

பழைய துடுப்பு:
அப்படியென்றால் கணக்குப் போட்டுவிடலாம். ஒரே இடத்தில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடல் வற்றும் நேரம் பெரிதாக மாறாது. நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் உள்ள கடலில் ஒரு வற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். சனிக்கிழமை 12 மணி என்றால் ஞாயிறு 12:50. ஒரு வாரம் கழித்து அப்படியே தலைகீழ். நடுப்பகலில் கடல் ஏறி நிற்கும்.

இன்னொன்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அதிலும் ஓரிரு நாள் கழித்து, கடல் நன்றாக ஏறும், நன்றாக வற்றும். அஷ்டமி வாக்கில் ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. ஆகவே அடுத்த வாரம் போனால் அம்மாவுக்குப் படி லேசு, ஆனால் உங்கள் மகளின் திட்டு தண்ணீரை விட்டு வெளியே வருமா என்பதே சந்தேகம்.

படி விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. கடல் ஏறி நிற்கும்போது படகு துறைக்குச் சமமாக நிற்கும், ஒரு காலை எடுத்து வைத்தால் போதும். வற்றிவிட்டால் அதே துறையில் எட்டு, பத்து படி வெளியே தெரியும், கீழ்ப்படிகளில் எல்லாம் பாசி. முழங்கால் வலி இல்லாதவர்களே வழுக்கி விழும் இடம் அது.

என் யோசனை: பௌர்ணமி வாரமே போங்கள், ஆனால் 8 மணிப் படகில். அன்று ஏற்றம் 6 மணி வாக்கில் முடிந்திருக்கும். வற்றுகிற ஆறு மணி நேரத்தைப் பன்னிரண்டு பங்காகப் பாருங்கள். முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதிலும் நாலாவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. எட்டரைக்குத் தீவில் இறங்கினால் நாலரைப் பங்குதான் இறங்கியிருக்கும். 11 மணிப் படகென்றால் பாசிப்படிதான்.

மணல் பாதைக்கு ஞாயிறு 11:45க்குக் கிளம்புங்கள். 12:50க்குத் திட்டிலிருந்து திரும்பி நடக்க ஆரம்பித்துவிட வேண்டும். தண்ணீர் எதிரிலிருந்துதான் வரும் என்று நினைக்காதீர்கள். கரையோரப் பள்ளம்தான் முதலில் நிறையும். திட்டு காய்ந்து கிடக்கும், முதுகுக்குப் பின்னால் வழி போய்விட்டிருக்கும்.

பாதிவழிப் பயணி:
துடுப்பு அண்ணன் சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தில் லிண்டிஸ்ஃபார்ன் என்று ஒரு தீவு. அங்கே போகிற தார் ரோடே நாளுக்கு இரண்டு முறை கடலுக்குள் மூழ்கும். கடக்கும் நேரத்தை முன்கூட்டியே வெளியிட்டு வைத்திருக்கிறார்கள். அப்படியும் "இன்னும் அஞ்சு நிமிஷம்தானே" என்று காரை ஓட்டிப்போய் மாட்டிக்கொள்கிறவர்கள் வருடா வருடம் உண்டு. அவர்கள் ஏறி உட்காரவே கம்பங்கள் நட்டு உயரத்தில் ஒரு கூண்டு கட்டியிருக்கிறது. உங்கள் மணல் பாதையில் கூண்டு இருக்காது.

முட்டளவுத் தண்ணீரில் குழந்தைகள் நடந்தால் காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்து நடக்கச் சொல்லுங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை இருந்தால் அதிர்வு கேட்டு நகர்ந்துவிடும்.

வயிறு கலங்கி:
உங்கள் கணவரின் இனம் நான். உள்காது உடல் ஆடுகிறது என்கிறது, கண் ஆடவில்லை என்கிறது, இந்தச் சண்டையில் வயிறு அடிவாங்குகிறது. படகின் நடுப்பகுதியில் உட்காரச் சொல்லுங்கள், முனையில் வேண்டாம். கண் அடிவானத்தில் இருக்கட்டும். போனை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை போடுவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி முன்னால். குமட்டல் தொடங்கியபின் போட்டு நான் கண்ட பலன், மாத்திரையும் வெளியே வந்ததுதான். நிலா அலையை உண்டாக்காது, காற்றுதான். பொதுவாகக் காலையில் கடல் அமைதியாக இருக்கும், அதனாலும் 8 மணிப் படகே நல்லது.

கிளிஞ்சல்:
போய் வந்துவிட்டோம். துடுப்பு அண்ணாவின் கணக்கு சரி, படகுதான் கணக்கில் அடங்கவில்லை. ஒரு பெரிய கூட்டம் வரவேண்டும் என்று காக்க வைத்து 9 மணிக்குமேல்தான் எடுத்தார்கள். தீவுத்துறையில் நிற்கும்போது 9:40. அத்தனை படியும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன.

அத்தை எதுவும் பேசவில்லை. செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். புடவையை இழுத்துச் செருகினார். படகுக்காரர் தோளைப் பிடித்து அடிப்படியில் திரும்பி உட்கார்ந்தார். அப்படியே இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, படி படியாக உட்கார்ந்தபடியே ஏறினார். ஒவ்வொரு படிக்கும் சத்தமாக எண்ணிக்கை. ஒன்பது. மேலே போனதும் பின்புறமெல்லாம் பச்சைப் பாசி. பேரன் அதைப் பார்த்து உருண்டு சிரித்தான், அவரும் சிரித்துவிட்டார்.

கணவர் வாந்தி எடுக்கவில்லை. மாத்திரை போட்டுவிட்டுப் படகில் தூங்கி, அறைக்கு வந்தும் மூன்று மணிவரை தூங்கினார். வயிறு கலங்கி அவர்களே, இந்தப் பக்கத்தையும் சொல்லியிருக்கலாம்.

ஞாயிறு திட்டுக்குப் போனோம். வழியில் மகளின் ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க உள்ளே போனது. திரும்பி வரும்போது எடுக்கலாம் என்று விட்டோம். 12:50க்கு அலாரம் அடித்ததும் குழந்தைகளைக் கிளப்பினேன், அழுகையோடு. போகும்போது காய்ந்திருந்த கரையோரப் பள்ளத்தில் அதற்குள் கணுக்காலளவு தண்ணீர். செருப்பு கண்ணில் பட்டது, பத்து அடி தூரத்தில். கால் போகப் பார்த்தது. போகவில்லை.

அன்று 3 மணியிலிருந்தே அத்தை துறையில் போய் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் ஏறுவதைப் பார்த்து, மூழ்கும் படிகளைப் பேத்தியோடு எண்ணிக்கொண்டிருந்தார். 4 மணிக்குப் படகு வந்து ஹாரன் அடித்தது. எல்லோரும் ஏறிவிட்டார்கள், படகுக்காரர் கைகாட்டிக் கூப்பிடுகிறார். அத்தை அசையவில்லை.

"நாலு படி முங்கியாச்சு. இன்னொண்ணு முங்கட்டும், எந்திரிக்கிறேன். நேத்து எங்கள ஒரு மணி நேரம் நிக்க வச்சாருல்ல."