செலோவும் ஸ்பீக்கரும் ஒட்டாமல் கேட்கிறது, என்ன செய்யலாம்?

செலோக்காரி:
நாங்கள் மூன்று பேர்: வயலின், செலோ (உட்கார்ந்து வில்லால் வாசிக்கும், வயலின் மாதிரியான பெரிய வாத்தியம்), லேப்டாப். என் ஒலியை மைக்கில் பிடித்து, உருமாற்றி, அப்போதே ஸ்பீக்கரில் விடுகிறோம். வில்லைக் குதிரைக்கு (கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) பக்கத்தில் வைத்து மெல்ல இழுத்தால் ஒரு கரகரப்பு வருமே, அதுதான் இந்தப் படைப்பின் உயிர். மேடையின் இரு ஓரத்து ஸ்பீக்கர்களில் அது வேறு யாரோ வாசிப்பது போலக் கேட்கிறது. மனசே ஆறவில்லை.

மௌனராகம்:
ஒரு சின்ன ஸ்பீக்கரை உங்கள் நாற்காலிக்குப் பின்னால் தரையில் வையுங்கள். ஒலி ஒரு மில்லிவிநாடியில் சுமார் 34 செ.மீ.தான் போகும். ஐந்து மீட்டர் தள்ளி வைத்தால் 15 மில்லிவிநாடி அங்கேயே போச்சு.

கம்பிவாத்தியம்:
பின்னால் வைத்தால் ஸ்பீக்கர் ஒலி திரும்ப மைக்கில் ஏறி ஊளையிடும், கவனம். குதிரையில் ஒட்டி, அதன் அதிர்வையே பிடிக்கும் கான்டாக்ட் மைக் போடுங்கள். ஒலி கொஞ்சம் வறண்டிருக்கும், ஆனால் அந்தக் கரகரப்பு தப்பாது. அப்புறம் லேப்டாப்பில் பஃபர் (ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் ஒலியின் அளவு; பெரிதானால் தாமதமும் கூடும்) எவ்வளவு?

செலோக்காரி:
512 சாம்பிள் (ஒலித்துணுக்கு) இருந்தது. அதை 128 ஆக்கி, ஸ்பீக்கரையும் பின்னால் நகர்த்தினேன். இப்போது அந்தக் கரகரப்பு செலோவின் வயிற்றிலிருந்தே கிளம்புகிறது! வயலின் வாசிப்பவர் வில்லை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கான்டாக்ட் மைக் நாளைக்கு.