பாலைவன ஊர்களில் நீங்கள் நின்று வாசித்த கல் எது?

மயூர் விஹாரிலிருந்து

தில்லிக்கு வந்து 28 வருஷம் ஆகிறது. வேலைக்குப் போன காலத்தில் தினம் இரண்டு தடவை பஸ்ஸில் தீன் மூர்த்தி ரவுண்டானாவைச் சுற்றியிருக்கிறேன். நடுவில் ஒரு கல் தூண், அதை ஒட்டி மூன்று பக்கம் பார்த்து நிற்கும் மூன்று வெண்கல வீரர்கள். எதிரே நேரு வாழ்ந்த வீடு. அந்த வீட்டுக்கு அழகுக்காக வைத்த சிலைகள் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று போன ஜனவரியில் ஜோத்பூரில் ஒரு ஆட்டோக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

மண்டோர் எக்ஸ்பிரஸில் போய் இறங்கி, குளிரில் நடுங்கிக்கொண்டே ஆட்டோ ஏறினோம். எந்த ஊர் என்று கேட்டார். தில்லி என்றோம். "அப்படியா, எங்க ஊர்க்காரர் ஒருத்தர் உங்க ஊர் ரவுண்டானாவுல நூறு வருஷமா நிக்கிறாரே, பார்த்திருப்பீங்களே" என்றார். நானும் என் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்தச் சிலைகள் 1922இல் வைத்தவை. நேரு குடியிருந்த வீடே அதற்கப்புறம் கட்டியதுதான். முதல் உலகப் போரில் சினாய், பாலஸ்தீனம் பக்கம் போய்ச் சண்டை போட்ட சமஸ்தானக் குதிரைப்படைகளின் நினைவாக நிற்கின்றன. மூவரும் ஹைதராபாத், ஜோத்பூர், மைசூர்ப் படைகளுக்கு ஆளுக்கொருவர். 1918 செப்டம்பர் 23 அன்று எதிரில் மெஷின் கன் சுட்டுக்கொண்டிருக்க, ஜோத்பூர்ப் படையும் மைசூர்ப் படையும் ஈட்டியோடு குதிரையில் பாய்ந்து ஹைஃபா நகரத்தைப் பிடித்தன. ஜோத்பூர்ப் படையை நடத்திப் போன மேஜர் தல்பத் சிங் அன்றைக்கே உயிர்விட்டார். 2018இல் அந்த இடத்துக்குத் தீன் மூர்த்தி ஹைஃபா சௌக் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறிய செய்தியை நானும் பேப்பரில் பார்த்தேன். ஏன் ஹைஃபா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் அதே ஆட்டோக்காரர் எங்களைக் கேஜர்லிக்கு அழைத்துப் போனார். ஜோத்பூரிலிருந்து 26 கிலோமீட்டர். கோட்டை மாதிரி, சத்திரி என்கிற குவிமாட நினைவு மண்டபம் மாதிரி பெரிதாக எதையோ எதிர்பார்த்துப் போனால், முதலில் கண்ணில் படுவது மரங்கள்தான். மரங்களுக்கு நடுவில்தான் நினைவுச் சின்னம்.

1730இல் ஜோத்பூர் மகாராஜா அபய் சிங் புது அரண்மனை கட்டத் தொடங்கினார். சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வேண்டும். திவான் கிரிதர் பண்டாரி ஆட்களோடு இந்த ஊருக்கு மரம் வெட்ட வந்தார். இது பிஷ்னோய்கள் ஊர். பச்சை மரத்தை வெட்டக் கூடாது என்பது அவர்களுடைய குரு ஜம்பேஸ்வரர் வகுத்த 29 நெறிகளில் ஒன்று. அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளை வெட்டினார்கள். அடுத்து அவளுடைய மூன்று பெண்கள். பிறகு பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து ஆளுக்கொரு மரத்தைக் கட்டிக்கொண்டார்கள். மொத்தம் 363 உயிர். சேதி ராஜாவுக்குப் போன பிறகுதான் வெட்டு நின்றது.

அங்கே ஒரு வயதான அம்மா பறவைகளுக்குத் தானியம் இறைத்துக்கொண்டிருந்தார். அம்ரிதா தேவி சொன்னதாக அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான வாக்கியத்தை அவர்தான் எங்களுக்குச் சொன்னார்: "சிர் ஸாண்டே ரூங்க் ரஹே, தோ பீ ஸஸ்தோ ஜாண்." தலையைக் கொடுத்து மரம் பிழைத்தால், அதுவும் மலிவு என்று எண்ணிக்கொள். சொல்லி முடித்ததும் மறுபடி தானியத்தை அள்ளி இறைக்கப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரருக்கு விருத்தாசலம். அவர் ஒரு கிளையைத் தாழ்த்தி இலையைப் பார்த்தார். பொடிப்பொடி இலை, நடுவில் சின்ன முள். "இது நம்ம வன்னிடி" என்றார். விருத்தகிரீஸ்வரர் கோயிலில் தல விருட்சமாக நிற்கும் அதே வன்னி. விஜயதசமிக்கு ஊர் ஊராக சாமி அம்பு போடுகிற அதே மரம். இங்கே அதற்குக் கேஜ்ரி என்று பெயர், ஊருக்கே அந்த மரத்தின் பெயர்தான். கோயிலில் சுற்றி வந்து கும்பிட்ட மரத்துக்காக 363 பேர் வெட்டுப்பட்ட மண்ணில் நிற்கிறோம் என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

நீங்களும் எழுதுங்கள். ராஜஸ்தான் பக்கம் நம்மில் போகாதவர்கள் குறைவு. நின்று, வாசித்து, விசாரித்துத் தெரிந்துகொண்ட கல்லைப் பற்றி எழுதுங்கள்.

கரோல் பாகிலிருந்து, ரயில்வே ஓய்வு

அம்மா, நான் 34 வருஷம் சிக்னல் பிரிவில் இருந்தவன். என் கல் கட்ரா ரோடு ஸ்டேஷனில் இருக்கிறது. மகன் விமானப்படை, உத்தர்லாயில் போஸ்டிங். அவனைப் பார்க்கப் போனபோது பாட்மேரிலிருந்து முனாபாவ் போகும் லைனைப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதமாகப் போனேன். ஒரு காலத்தில் ஜோத்பூரிலிருந்து, இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கும் சிந்து ஹைதராபாத் வரை வண்டி ஓடிய பாதை அது. 1965 போரில் அறுந்தது. 2006இல் தார் எக்ஸ்பிரஸ் என்று மறுபடி ஓட ஆரம்பித்து, 2019இல் நின்றுபோனது.

கட்ரா ரோடில் ரயில்வேக்காரர்களுக்கென்று ஒரு நினைவிடம் இருக்கிறது. 1965 செப்டம்பர் 9 அன்று குண்டுவீச்சுக்கு நடுவே எல்லைக்குப் படைச் சாமான் கொண்டுபோன வேலையில் 17 ரயில்வே ஊழியர்கள் செத்துப்போனார்கள். வருஷா வருஷம் அந்தத் தேதியில் ரயில்வே தொழிலாளர்கள் அங்கே கூடி மாலை போடுகிறார்கள்.

லைனில் வேலை பார்த்தவர்களுக்கு அது என்ன வேலை என்று தெரியும். அந்தப் பக்கம் சாதாரண நாளிலேயே காற்றடித்தால் தண்டவாளம் மணலுக்குள் போய்விடும். கேங்மேன் வாரிப் போட்டால்தான் அடுத்த வண்டி. ரோடும் சரியாக இல்லாத காலம். தண்டவாளம் நின்றால் முன்னால் இருக்கிற ஜவானுக்குத் தண்ணீர் கிடையாது, தோட்டா கிடையாது. அதனால் குண்டு விழுந்த இடத்தை அடைத்து அடைத்து வண்டியை விட்டிருக்கிறார்கள். கையில் துப்பாக்கி இல்லை, ஸ்பேனரும் கொடியும்தான்.

நான் போனது மே மாதம், பகல் பன்னிரண்டு மணி. கல் தொட முடியாத சூடு. ஸ்டேஷன் ஊழியர் ஒருவர் என்னோடு வந்து நின்றார். என் பழைய பாஸைக் காட்டினேன். அவர் எதுவும் பேசாமல் தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து கல்லின் அடியில் கொஞ்சம் ஊற்றிவிட்டு என்னிடம் நீட்டினார். நானும் ஊற்றினேன். உள்ளே போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தேன், ரயில்வேக் கதை இரண்டு மணி நேரம் பேசினோம்.

ஜனக்புரியிலிருந்து

லோங்கேவாலா போயிருந்தேன். 1971 டிசம்பர் 4 ராத்திரி, மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியும் சுமார் 120 பேரும் பாகிஸ்தான் டாங்கிப் படையை விடியும் வரை தடுத்து நிறுத்திய இடம். விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து ஹண்டர் விமானங்கள் வந்தன. டாங்கிகளை அங்கேயே வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அதில் சாய்ந்து படம் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். மணலில் மாட்டிக்கொண்ட டாங்கியின் சங்கிலிப் பட்டையைக் கிட்டே பார்த்தபோதுதான் உறைத்தது: இரும்பால் நகர முடியாத மணலில் இந்த மனிதர்கள் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்திருக்கிறார்கள். மேலே சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆர்.கே. புரத்திலிருந்து

அக்கா, நீங்கள் ஜோத்பூர் என்றதும் எனக்கு மெஹ்ரான்கர் கோட்டைதான் ஞாபகம் வந்தது. லோஹா போல் என்று ஒரு வாசல். இரும்பு முள் அடித்த பெரிய கதவு. அதன் பக்கச் சுவரில் சின்னச் சின்னக் கை அச்சுகள், வரிசையாக, குங்குமமும் வெள்ளி ரேக்கும் ஒட்டி. 1843இல் மகாராஜா மான் சிங் இறந்தபோது சிதையேறப் போன ராணிகள் கடைசியாகக் கோட்டையை விட்டு இறங்கும்போது வைத்த கைகள். கைடு "புனிதம்" என்றார், சிலர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என் பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயசு. சுவரைத் தொடாமல், உள்ளங்கையை விரித்துக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "அம்மா, என் கை மாதிரிதான் இருக்கு."

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கும்பிடவும் முடியவில்லை. வாசலில் நான் நின்றவரை ஒரு கைக்கும் பெயர் காணவில்லை. ராஜாவின் பெயர் மட்டும் எல்லோர் வாயிலும் இருக்கிறது.

அதே கோட்டைக்குள் இன்னொரு கல் இருக்கிறது. அதற்குப் பெயர் இருக்கிறது. 1459 மே மாதம் ராவ் ஜோதா இந்தக் கோட்டைக்கு அஸ்திவாரம் போட்டபோது, மலையில் தவமிருந்த சீரியா நாத்ஜி என்ற சாமியார் தண்ணீர்ப் பஞ்சம் வரும் என்று சபித்ததாகவும், சாபம் தீர ராஜாராம் மேக்வால் என்பவரை உயிரோடு அஸ்திவாரத்தில் புதைத்ததாகவும் சொல்கிறார்கள். குடும்பத்தைக் காப்பாற்றுவதாக ராஜா வாக்குக் கொடுத்தாராம். அவர் பெயர் பொறித்த கல்லைக் கோட்டையில் வைத்திருக்கிறார்கள். எங்கள் கைடு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நாங்களாகக் கேட்டுத்தான் காட்டினார். போகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவ்வளவு பெரிய மதிலைத் தலைமேல் வைத்துக்கொண்டு 560 வருஷத்துக்கு மேல் கீழே கிடக்கிறவர்.

முனிர்காவிலிருந்து, மாணவன்

நான் வரலாறு படிக்கிறேன். மயூர் விஹார் அக்கா எழுதியதற்கு நடைமுறையில் உதவுகிற மாதிரி கொஞ்சம் சொல்கிறேன்.

ஜெய்சல்மேர், ஜோத்பூர் வட்டாரத்தில் குளக்கரை, கிணற்றடி, ஊர் எல்லை எங்கும் தேவ்லி என்ற நினைவுக் கற்கள் நிற்கும். குதிரைமேல் ஈட்டியோடு ஒருவன், சில கல்லில் பக்கத்தில் மனைவி. உச்சியில் சூரியனும் சந்திரனும். நம் கல்வெட்டில் 'சந்திராதித்தவரை' என்று எழுத்தில் வருவதை அவர்கள் படமாகச் செதுக்கியிருக்கிறார்கள். களவுபோன மாட்டை மீட்கப் போய் மாண்டவனுக்கு ஜூஞ்சார் என்று பெயர், அவனைச் சாமியாகவே கும்பிடுகிறார்கள். ஆநிரை மீட்டவனுக்கு நடுகல் நட்டு மயிற்பீலி சூட்டிய ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. செங்கம் நடுகற்களைப் பார்த்தவனுக்குக் குதிரை ஒன்றுதான் புதுசு.

ஆண்டு பெரும்பாலும் விக்ரம் சம்வத் என்ற வடநாட்டு ஆண்டுக்கணக்கில் இருக்கும். 57ஐக் கழித்தால் ஆங்கில வருஷம். ஜனவரியிலிருந்து சித்திரை வருஷப் பிறப்புக்குள் என்றால் 56. கேஜர்லி சம்வத் 1787, கழித்தால் 1730. இது தெரியாமல் போனால் எல்லாக் கல்லும் நேற்று நட்டதாகத் தோன்றும்.

ஜெய்சல்மேர் போகிற வழியில் ஒரு டீக்கடையில் வாசல்படி மஞ்சள் கல்லாக இருந்தது. காலை வெயில் சாய்வாக விழுந்ததால்தான் ஓரத்தில் கோடுகள் தெரிந்தன. நடுப்பகலாக இருந்தால் தாண்டிப் போயிருப்பேன். கடைக்காரரிடம் கேட்டு ஒரு லோட்டா தண்ணீர் ஊற்றினேன். ஈரம் பள்ளத்தில் தங்கி எழுத்து மேலே வந்தது. குதிரையின் முன்னங்கால், 'சம்வத்' என்ற சொல், எண்ணில் முதல் இரண்டு: 17. மிச்சம் செருப்பில் தேய்ந்துபோயிருந்தது. 1643லிருந்து 1743க்குள் ஏதோ ஒரு வருஷம் யாரோ ஒருவன். கடைக்காரர் "அப்பா காலத்துலேர்ந்து கிடக்கு" என்றார். அப்புறம் அவரே வேலையாளைக் கூப்பிட்டு, மூவருமாகப் புரட்டி, வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். அவர் வீட்டம்மா வந்து ஒரு பொட்டு வைத்தார். திரும்பி வரும்போது பார்த்தேன், வாசலில் சிமெண்ட் படி இருந்தது.

மயூர் விஹாரிலிருந்து, மறுபடியும்

தம்பி, அந்தச் சாய்வு வெயில் விஷயத்தை நான் உடனே எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு நாங்கள் இருவரும் தீன் மூர்த்தி போனோம். 28 வருஷத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி அந்த ரவுண்டானாவுக்கு நடந்து போவது இதுதான் முதல் தடவை. வெயில் பக்கவாட்டில் விழுந்ததில் முகங்கள் நன்றாகத் தெரிந்தன. மூன்று தலைப்பாகை, மூன்று ஆள். நான் ஒரே ஆளை மூன்று தடவை செய்து வைத்ததாக இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

டியூட்டியில் இருந்த கான்ஸ்டபிள் என்ன பார்க்கிறீர்கள் என்று வந்தார். ஆட்டோக்காரர் எங்களுக்குச் சொன்னதை நான் அவருக்கு என் ஹிந்தியில் சொன்னேன். ஹைஃபா, குதிரை, மெஷின் கன், தல்பத் சிங் எல்லாம். பொறுமையாகக் கேட்டார். இரண்டு வருஷமாக இதே இடத்தில்தான் டியூட்டியாம், ஊர் நாகௌர், ஜோத்பூருக்குப் பக்கம்.

"மூணு பேர்ல எங்க ஆள் எவர்?" என்று கேட்டார்.

அதற்குள் வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன. அவர் கையைக் காட்டி ஒரு காரை நிறுத்தினார். மூவரும் தூணைச் சுற்றி நடக்க ஆரம்பித்தோம்.