பென் யூரிக்கை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

சூப்பர் ஹீரோ காமிக்ஸ் என்று பேச்செடுத்தால் நாயகனும் வில்லனும்தான் வருகிறார்கள். எனக்கு மனசுக்கு நெருக்கமானவர் டேர்டெவில் கதைகளில் வரும் நிருபர் பென் யூரிக். தடித்த கண்ணாடி, கசங்கிய கோட்டு, விடாத சிகரெட், அதனால் வந்த இருமல். நியூயார்க்கில் டெய்லி பியூகிள் நாளிதழில் வேலை. 1978இல் டேர்டெவில் 153ஆம் இதழில் ராஜர் மெக்கென்ஸியும் ஓவியர் ஜீன் கோலனும் அவரைக் கொண்டுவந்தார்கள். நான் அவரைச் சந்தித்தது அதற்கு ரொம்பப் பின்னால்.

நான் ஒரு தாலுகா ஊரில் 11 வருடம் பகுதிநேர நிருபராக இருந்தவன். சம்பளம் கிடையாது. வெளிவந்த செய்தியின் நீளத்தை அளந்துதான் காசு. ஒரு சமயம் ஆற்று மணல் விஷயமாக நாலு மாதம் அலைந்தேன். எந்த லாரி, எத்தனை மணிக்கு, எந்தப் பாலம் வழியாக என்று ஒரு நாற்பது பக்க நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தேன். ஒரு ராத்திரி வீட்டுக்கு போன் வந்தது. மிரட்டவெல்லாம் இல்லை. என் மகள் படிக்கும் வகுப்பையும், சாயங்காலம் அவள் எந்தப் பக்கமாக நடந்து வருவாள் என்பதையும் நிதானமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். நான் அந்தச் செய்தியை அனுப்பவில்லை. அலுவலகத்தில் கேட்டதற்கு "ஆதாரம் பத்தலை" என்றேன்.

அடுத்த வருடம் சென்னைக்கு வந்திருந்தபோது, நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த சில ஆங்கில காமிக்ஸ் கிடைத்தன. 1986இல் ஃபிராங்க் மில்லர் எழுதி டேவிட் மஸ்ஸுக்கெல்லி வரைந்த 'பார்ன் அகெய்ன்' கதையின் நடு இதழ்கள் அவை. முகமூடி போட்ட டேர்டெவில்தான் வக்கீல் மேட் முர்டாக் என்ற ரகசியம் குற்றக் கும்பல் தலைவன் கிங்பின் கைக்குப் போய், முர்டாக்கின் வேலை, வீடு, பெயர் எல்லாம் பறிபோகும் கதை. அதைத் தோண்டப் போகிறார் யூரிக். கிங்பின் அனுப்பிய நர்ஸ் ஒருத்தி அவர் விரல்களை முறிக்கிறாள். எழுதுகிறவனுக்கு விரல் என்றால் என்ன என்று தெரிந்து செய்த வேலை. அப்புறம் அந்தத் தொலைபேசிக் காட்சி. மனோலிஸ் என்ற போலீஸ் அதிகாரி உண்மையைச் சொல்ல யூரிக்கை அழைக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த நர்ஸ் அவரைக் கொல்கிறாள். ரிசீவரைக் காதில் வைத்தபடி யூரிக் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வியர்க்கிறது. அதற்குப் பிறகு முர்டாக் என்ற பெயரையே வாயில் எடுக்க மறுக்கிறார்.

லாட்ஜ் அறையில் அதைப் படித்துவிட்டு விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பயந்துபோன நிருபரை அதுவரை எந்தக் கதையிலும் நான் பார்த்ததில்லை. சினிமாவில் நிருபர் என்றால் மேஜையில் குத்திப் பேசுவார், இல்லையென்றால் விலைபோயிருப்பார். இந்த ஆள் விலைபோகவில்லை. பயந்தார், அவ்வளவுதான். பிறகு, முதலாளி ஜே. ஜோனா ஜேம்சன் முதுகில் தட்டிப் பேசிய பிறகு, கைக்கட்டோடு எழுத உட்கார்ந்தார். ஸ்பைடர்மேன் கதைகளில் கத்திக்கொண்டே இருக்கும் அதே ஜேம்சன், இங்கே ஒரு பத்திரிகை ஆசிரியர் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறார். எனக்கு அப்படி ஒருத்தர் வாய்க்கவில்லை.

பின்னால் தேடிப் படித்ததில் 164ஆம் இதழ் கிடைத்தது (1980). மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் டேர்டெவிலிடம் யூரிக் நேரே வந்து, "நீதானே மேட் முர்டாக்?" என்கிற மாதிரி தான் சேர்த்த ஆதாரங்களை வைக்கிறார். மேட் தன் கதை முழுக்கச் சொல்கிறார். கேட்டு முடித்ததும், வாழ்நாளில் கிடைத்த மிகப் பெரிய செய்தியை யூரிக் தன் கையாலேயே அழித்துவிடுகிறார். இந்த இரண்டு மௌனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று ஒரு மனிதனுக்காக. இன்னொன்று பயத்தால். மறுநாள் பேப்பரில் இரண்டுக்கும் ஒரே அடையாளம்தான்: செய்தி வரவில்லை. எது எது என்று எழுதாமல் விட்டவனுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு என்னுடையது தெரியும்.

உங்களுக்கு அவர் எங்கே கிடைத்தார்? எழுதுங்கள்.

*

அண்ணா, நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். எனக்கு அவர் கிடைத்தது 179ஆம் இதழில், 1982. கதையை யூரிக்கே சொல்லிக்கொண்டு போவார். எலெக்ட்ரா என்ற கூலிக் கொலைகாரி 'சாய்' என்கிற மூன்று முனைக் குத்துவாளால் அவரைக் குத்திவிடுவாள். பிழைத்துக்கொள்வார். அந்த இதழின் தலைப்பு 'ஸ்பைக்ட்!' முதலில் படித்தபோது குத்துப்பட்டதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் டெஸ்க்கில் ஓய்வு பெறப்போகிற மூத்தவர் ஒருவர்தான் விளக்கினார். அந்தக் காலத்தில் ஆசிரியர் மேஜையில் மரக்கட்டையில் பதித்த இரும்பு ஊசி ஒன்று நிற்குமாம். வேண்டாம் என்று முடிவான செய்தித் தாளை அதில் குத்திவிடுவார்களாம். ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் 'ஸ்பைக்' என்றால் அதுதான். நிருபரையும் அவர் செய்தியையும் ஒரே ஊசியில் குத்தின தலைப்பு! சொல்லிவிட்டு அவர் தன் டிராயரைத் திறந்து காட்டினார். துருப்பிடித்த ஊசி, அடியில் நாலைந்து தாளின் மூலைகள் இன்னும் மாட்டியிருந்தன. எழுத்து எதுவும் படிக்கிற நிலையில் இல்லை.

164 பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு அண்ணா. நான் என்றால் அழித்திருக்க மாட்டேன். எழுதாமல் வைத்திருப்பேன்.

*

நான் படத்தில்தான் பார்த்தேன். 2003இல் வந்த டேர்டெவில். ஜோ பேன்டோலியானோ நடித்தார். பியூகிள் கிடையாது, நியூயார்க் போஸ்ட் என்று வரும். கடைசியில் கட்டுரையை முழுக்க டைப் செய்துவிட்டு, ஒரே அழுத்தில் அழிப்பார். படம் எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை, அந்த ஒரு நிமிடம் மட்டும் மறக்கவில்லை.

*

2015 நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! அதில் யூரிக்காக வருவது வான்டி கர்ட்டிஸ்-ஹால். நியூயார்க் புல்லட்டின் என்ற பத்திரிகை. மனைவி டோரிஸ் மருத்துவமனையில். செலவுக்கு என்ன செய்வது என்று அந்த மனிதர் யோசிக்கிற முகம் இருக்கிறதே, என் அப்பா முகம் அது. அப்பா ஒரு அச்சகத்தில் 27 வருடம் கம்பாசிட்டர். 12ஆம் பகுதியில், வேலை போன பிறகு, நாமே இணையத்தில் எழுதிவிடலாம் என்று யூரிக் வீட்டுக்கு வருகிறார். உள்ளே ஃபிஸ்க், அதாவது கிங்பின், உட்கார்ந்திருக்கிறான். தன் அம்மாவைத் தேடிப் போய்ப் பேசினார் என்ற கோபத்தில், தன் கையாலேயே கழுத்தை நெரித்துக் கொல்கிறான்.

எனக்கு இன்றும் ஆறவில்லை. காமிக்ஸில் குத்துப்பட்டும் விரல் முறிந்தும் உயிரோடு இருந்த ஆளை ஏன் இங்கே கொன்றார்கள்? வில்லன் பயங்கரமானவன் என்று காட்ட வேறு வழியே இல்லையா? அந்தப் பகுதி முடிந்ததும் அப்பாவுக்கு போன் போட்டேன். ராத்திரி ஒன்றரை மணி. "என்னப்பா, உடம்புக்கு ஏதாச்சுமா?" என்றார். "ஒண்ணுமில்லப்பா, சும்மாதான்" என்றேன்.

*

வணக்கம் சார். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. காமிக்ஸ் அதிகம் தெரியாது, தம்பி கொடுத்ததைப் படித்தேன். 2001இல் வந்த 'வேக் அப்', டேர்டெவில் 16 முதல் 19 வரை. பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத்து, டேவிட் மாக் ஓவியம். டேர்டெவில் கொஞ்சம்தான் வருகிறார். யாரோடும் பேசாமல், தனக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருக்கும் ஒரு சிறுவன். தவளை வேஷம் போட்டுத் திரிந்த ஒரு சின்னத் திருடனின் மகன். பியூகிளில் கிங்பின் செய்தியை எழுதச் சொல்கிறார்கள். யூரிக்குக்கு இந்தப் பையனை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

என் வகுப்பில் ஒரு வருடம் அப்படி ஒரு பையன் இருந்தான். கறுப்புக் கிரேயானை மட்டும் தேய்த்துத் தேய்த்துத் தாளைக் கிழிப்பான். அந்தக் கதையில் குழந்தைக் கிறுக்கல் மாதிரியே சில பக்கங்கள் வருகின்றன. அதைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன். பையன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சொல்கிற கதையை நடுவில் வெட்டாமல் கேட்கிறார் பாருங்கள், அதை நான் செய்திருக்கலாம். 42 பிள்ளைகள் இருந்தார்கள் என்பது காரணம்தான்.

*

டீச்சர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நன்றிங்க.

தங்கச்சி, "எழுதாமல் வைத்திருப்பேன்" என்று சொன்னாயே, அது சரியென்றே படுகிறது. 2004இல் 'தி பல்ஸ்' தொடரில் பியூகிளின் சக நிருபரான ஒரு பெண் கொல்லப்படுகிறாள். செய்தது நார்மன் ஆஸ்போர்ன் என்ற பணக்காரத் தொழிலதிபர்; ஸ்பைடர்மேனின் எதிரியான முகமூடி வில்லன் கிரீன் காப்ளினும் அவன்தான். அந்தச் சமயம் யூரிக் எதையும் மறைக்கவில்லை, அவன்தான் கிரீன் காப்ளின் என்று பத்திரிகையில் போட்டு உடைக்கிறார். முர்டாக்கின் முகமூடியைக் காத்த அதே கைதான் ஆஸ்போர்ன் முகமூடியைக் கிழித்தது.

என் மணல் நோட்டு இன்னும் இருக்கிறது. மகள் இப்போது சட்டம் படிக்கிறாள். போன மாதம் பரண் சுத்தம் செய்யும்போது அவள் கையில் அகப்பட்டது. "இது என்னப்பா, பூரா லாரி நம்பரா இருக்கு?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் அந்த போன் விஷயத்தை அவளிடம் முதல்முறையாகச் சொன்னேன். நோட்டை அவள் திருப்பித் தரவில்லை.