மேற்கு வெயிலுக்குக் கூரை போட்ட மர மேடை உதவுமா?

நிழல்தேடி:
எங்கள் கூடத்தின் பெரிய கண்ணாடிக் கதவு மேற்கு பார்த்தது. மதியம் இரண்டு மணிக்கு மேல் அங்கே உட்கார முடிவதில்லை. கதவுக்கு வெளியே 15 அடி நீளம், 12 அடி அகலத்தில் மர மேடை அமைத்து, மேலே 8 அடி உயரத்தில் கூரை போடலாம் என்று இருக்கிறோம். கூடத்துச் சூடு குறைய வேண்டும், மாலையில் அம்மாவும் பிள்ளைகளும் வெளியே உட்கார வேண்டும். வேலை எடுத்துச் செய்பவர் கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் ஷீட் போதும் என்கிறார். தம்பி தகரம் போதும் என்கிறான். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

உளிச்சத்தம்:
தாராளமாகப் போடுங்கள். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே தடுப்பதுதான் முறை. உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும், கண்ணாடியைத் தாண்டி வந்த சூட்டில் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடும்.

ஆனால் கண்ணாடி போன்ற ஷீட் வேண்டவே வேண்டாம். வெளிச்சத்தோடு வெப்பமும் சேர்ந்து இறங்கும். ஒற்றைத் தகரமும் வேண்டாம். வெயிலில் காய்ந்த தகரம் அடுப்புபோலக் கீழ்நோக்கி அனலைக் கக்கும். நிழலில் உட்கார்ந்திருந்தாலும் உச்சந்தலை கொதிக்கும். இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை வைத்த பேனல் போடுங்கள், மேல்பக்கம் வெள்ளையாக இருக்கட்டும். வீட்டுச் சுவரும் கூரையும் சேரும் இடத்தில் சூடான காற்று தேங்கும், அது வெளியேற வழி விடுங்கள்.

வேம்படி:
உளி அண்ணன் கூரைப் பொருளைப் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. ஆனால் இந்த வீட்டுக்கு அந்தக் கூரையே சரியான விடை இல்லை என்பது என் கருத்து.

கணக்குப் பாருங்கள். கூரை விளிம்பு 8 அடி உயரத்தில், கதவிலிருந்து 12 அடி தள்ளி இருக்கிறது. சூரியன் 34 டிகிரிக்குக் கீழே இறங்கியதுமே வெயில் விளிம்புக்கு அடியில் நுழைந்து கதவின் அடியைத் தொட்டுவிடும். பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மணிக்கு ஏறக்குறைய 15 டிகிரி இறங்குகிறது. அப்படியானால் மறைவதற்கு இரண்டேகால் மணி நேரம் முன்பே கதவுக்கு வெயில் வந்துவிடும். மேடையின் நடுவில் நாற்காலி போட்டு உட்காரும் அம்மாவுக்கும் அதே நேரத்திலிருந்து முகத்தில் வெயில் அடிக்கும். கால்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் முன்பே அடிக்கத் தொடங்கும். நீங்கள் உட்கார ஆசைப்படும் நேரம் எது? அதே மாலைதானே?

உளிச்சத்தம்:
அதற்குத்தான் பக்கத் தடுப்பு இருக்கிறதே. மேற்கு விளிம்பில் சுருட்டி இறக்கும் மூங்கில் தட்டியோ வலைத்திரையோ கட்டினால் தாழ்ந்த வெயிலும் நின்றுவிடும். கணக்கு சரி தம்பி. ஆனால் அதை வைத்து மேடையே வேண்டாம் என்று சொல்வது அவசரம்.

வேம்படி:
அண்ணா, தட்டி இறக்கிவிட்டால் காற்று குறையும், பார்வையும் மறையும். மூடிய அறைக்குள் உட்காருவதற்கு எதற்கு மேடை? வெயிலைத் தடுப்பது தட்டிதான் என்றால், அந்தத் தட்டியைக் கதவை ஒட்டியே கட்டிவிடலாமே! கூடத்துக்கு அது போதும். 12 அடி ஆழத்துக்குக் கூரை இழுத்தால் காலையிலும் கூடம் இருண்டுவிடும், பகலில் விளக்குப் போட வேண்டிவரும்.

கொடிப்பந்தல்:
இரண்டு பேரும் ஏன் ஷீட்டையும் தட்டியையும் விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறீர்கள்? இரும்புச் சட்டம் நட்டு, கம்பி இழுத்து, கொடி ஏற்றுங்கள். இலை நிழல் தருவதோடு நிற்பதில்லை, வேரில் குடித்த நீரை ஆவியாக விட்டுத் தன்னையும் குளிர்வித்துக்கொள்ளும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். இலைப் பந்தல் தகரம்போலக் காய்ந்து நம் தலைமேல் அனலை இறக்காததற்கு இதுதான் காரணம். நான் பதினோரு வருடமாக இப்படி ஒரு பந்தலின் கீழ்தான் தினமும் படிக்கிறேன். அதன் சுகத்தை எழுத்தில் சொல்லிவிட முடியாது.

உளிச்சத்தம்:
பந்தல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் முழுதாக மூட இரண்டு மூன்று வருடம் ஆகும், கோடையில் தண்ணீர் வேண்டும், சருகு கூட்ட வேண்டும். மழைக்கு ஒதுங்கவும் முடியாது. கீழே மர மேடை இருந்தால் பலகை இடுக்கில் சருகு அடைத்து ஈரம் தங்கி மரம் உளுத்துப்போகும்.

சாய்ப்பு_போனவள்:
காற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே என்றுதான் எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பின்புறச் சாய்ப்பு ஒரே இரவில் தூண்களோடு பிடுங்கிக்கொண்டு போனது. பக்கத்தில் யாரும் இல்லாததால் தப்பித்தோம். ஷீட் கனமானது, நிற்கும் என்று சொல்லித்தான் போட்டுத் தந்தார்கள்.

பக்கங்கள் திறந்த கூரையைக் காற்று கீழிருந்து தள்ளும், மேலிருந்து உறிஞ்சும். நிழல்தேடியின் 15க்கு 12 அடி என்பது கிட்டத்தட்ட 16.7 சதுர மீட்டர். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 960 நியூட்டன். முழு அழுத்தமும் கூரையில் விழுந்தால் தூக்கும் விசை ஒன்றரை டன்னுக்கு மேல். தகரக் கூரையின் எடையோ நூறு கிலோகூடத் தேறாது. கூரையைத் தாங்க மட்டும் அல்ல, பிடித்து வைக்கவும்தான் அஸ்திவாரம். தூணை வெறும் குழியில் நட்டு மண் தள்ள விடாதீர்கள். கான்கிரீட் அடிக்கட்டை போட்டு, நங்கூர போல்ட் வைத்துத்தான் தூணைப் பிடிக்க வேண்டும். தயவுசெய்து இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

உளிச்சத்தம்:
நூற்றுக்கு நூறு சரி. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மரத்தூண் என்றால் மண்ணைத் தொடவே விடாமல் இரும்புக் காலணியில் நிறுத்துங்கள், கரையானும் தொலைவில் நிற்கும்.

நிழல்தேடி:
தூணும் அஸ்திவாரமும் மனதில் பதிந்தன, நன்றி அக்கா. வேம்படி, நீங்கள் மேடையே வேண்டாம் என்கிறீர்களா? அம்மாவுக்கு மாலையில் நாலு சுவருக்குள் இருக்கப் பிடிக்கவில்லை. அதை எப்படி விடுவது?

வேம்படி:
மேடை வேண்டும்! மேற்கில் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். உங்கள் இரண்டு ஆசைகளையும் ஒரே கூரையில் கட்டப் பார்க்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். கூடத்துச் சூட்டுக்கு மேற்கில் தட்டி போதும். மாலையில் உட்காரக் கிழக்குப் பக்கம் போங்கள். மதியத்துக்குப் பிறகு வீடே அங்கே நிழல் போடும், அதற்கு நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. கிழக்கில் என்ன இருக்கிறது?

நிழல்தேடி:
சமையலறைப் பின்வாசல், துணி காயும் கொடி. சுற்றுச்சுவர்வரை 9 அடிதான்.

உளிச்சத்தம்:
9 அடியில் சுவருக்கும் சுவருக்கும் நடுவே காற்று வராது. சமையல் புகை முகத்தில் அடிக்கும். மழை வந்தால் எல்லாரும் எழுந்து ஓட வேண்டும். நான் மேற்கையே சொல்வேன். வெயில் இறங்கிய பிறகு மேற்கு வானம் பார்த்து உட்காருவது பெரிய சுகம், ஏழு மணிக்கு மேல் அதை யாரும் தடுக்க முடியாது.

கொடிப்பந்தல்:
நண்பரே, சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு நாற்காலியைக் கிழக்கில் போட்டு உட்கார்ந்து பாருங்கள். சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். எங்கள் கணக்கை எல்லாம்விட அது உண்மை சொல்லும்.

நிழல்தேடி:
உட்கார்ந்து பார்த்தோம். மூன்று மணிக்கே நிழல் சுற்றுச்சுவர்வரை போய்விட்டது. சுவர் அப்போது கை பொறுக்காத சூடு, ஐந்து மணிக்கு ஆறியிருந்தது. காற்று குறைவுதான், உளி அண்ணன் சொன்னது மெய். மேசை விசிறி வைத்ததும் அம்மா ஆறரைவரை எழுந்திருக்கவே இல்லை.

முடிவு இப்படி: கிழக்கில் 12க்கு 7 அடி மேடை, வெளிர் நிறப் பலகை. கருநிறப் பலகை வெயிலில் காலைச் சுடும் என்று கடையில் மாதிரித் துண்டைத் தொட்டே தெரிந்துகொண்டோம். மேலே, அடுப்பங்கரைச் சன்னல் தலைப்புக்கு மேல், நாலடிக்குப் பேனல் கூரை. மழையில் நாலு பேர் ஒதுங்க அது போதும். மேற்குக் கதவுக்கு வெளியே சுருட்டும் தட்டி, அதன் இருபுறமும் கொடிக்குக் கம்பி.

ஒரு சந்தேகம் மிச்சம். மேடைக் கால் விழும் இடத்துக்கு அடியில்தான் கழிவுநீர்க் குழாய் போகிறது. காலை நகர்த்துவதா, குழாயை மாற்றுவதா?

உளிச்சத்தம்:
காலை நகர்த்துங்கள். குழாய் மேல் பாரம் ஏறக்கூடாது. கால்களைக் குழாய்க்கு இருபுறமும் தள்ளி நிறுத்தி, நடுவில் கனமான உத்தரம் போட்டுத் தாண்டிவிடலாம். குழாய்க்கு மேல் வரும் பலகைகளை ஆணி அடிக்காமல் திருகாணியில் பிடியுங்கள், நாளைக்குக் கழற்ற வேண்டிவரும். கூரை விஷயத்தில் என் மனம் இன்னும் மேற்கில்தான் இருக்கிறது. ஆனால் அம்மா ஆறரைவரை உட்கார்ந்திருந்தார் என்றால் அதற்கு மேல் நான் வாதாட மாட்டேன்.