கட்டடக்காரரும் நம்ம ஏரியா அரசியல்வாதியும்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வெள்ளவத்தை ஒழுங்கை:
அத்திவாரத் தூண் இறக்கப் பைலிங் அடித்தால் பக்கத்து வீட்டுச் சுவர் என்ன கதிக்கு ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எங்கள் ஒழுங்கையில் அது நடந்தபோது வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி ஒரு மனு எழுதினோம். பெரியம்மா கையெழுத்துப் போடும்போது தேத்தண்ணீர் தாளில் சிந்திவிட்டது, திரும்ப எழுத நேரமில்லை, அப்படியே கொண்டுபோய் எங்கள் கொழும்பு மாநகர சபை உறுப்பினரின் கையில் கொடுத்தேன். "நான் பார்த்துக்கொள்கிறேன் தம்பி" என்றார், நல்ல மரியாதையாகத்தான் கதைத்தார். அன்றிரவே கட்டடக் கம்பனியின் மனேஜர் வீட்டுக்கு வந்து, சோபாவில் உட்கார்ந்து, "அண்ணன், இதையெல்லாம் எங்களிடம் நேரே சொல்லியிருக்கலாமே" என்று போனை நீட்டுகிறார். திரையில் எங்கள் மனு, அந்தக் கறையோடு. அதைப் பெரிதாக்கி, பெரியம்மாவின் பெயரில் விரலை வைத்து, "இவர் உங்கட அம்மாவா?" என்று கேட்டார். பிறகு வெடிப்பைப் பூசித் தந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த விரலை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

கொட்டாஞ்சேனை அக்கா:
தொடர்மாடியில் வீடு வாங்கி முழுக் காசும் கட்டியாயிற்று, வீட்டு உறுதிப் பத்திரம் எழுதித் தருவதாக இல்லை. சீஓசி, அதாவது பாஸான பிளான்படிதான் கட்டியிருக்கிறது என்ற சான்றிதழ், வரவில்லையாம். ஏன் என்றால், பிளானில் இல்லாத ஒரு மாடி மேலே நிற்கிறது. முதலாளியின் ஒபிசுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். மனுசன் கோபப்படவே இல்லை, ஒருவருக்குக் கோல் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். தேர்தல் நேரம் எங்கள் வாசலில் கும்பிட்டுக்கொண்டு நின்றவரின் குரல். "மிஸ், ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம், அதில் எனக்கும் இரண்டு வீடு இருக்கிறது, நான் விடுவேனா?" என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறாராம்!

பழைய போஸ்டர் பையன்:
2018 தேர்தலில் ஒருவருக்காகப் போஸ்டர் ஒட்டினேன். அச்சகத்துக்குக் காசு கட்ட வந்தவர் கட்சிக்காரர் இல்லை, ஒரு கொந்தராத்துக்காரர். "ரசீதில் என் பெயர் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தேர்தல் செலவுச் சட்டம் 2023இல்தானே வந்தது, முடிவு வந்து 21 நாளுக்குள் கணக்குக் காட்டு என்று அதற்கு முன் யார் கேட்டார்கள்.

ஆனால் ஒழுங்கைக்காரரே, எல்லாப் பழியையும் உறுப்பினர் தலையில் கட்டாதீர்கள். 2023 மார்ச்சில் சபையின் காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2025 மே 6. இடையில் கொழும்பில் ஒரு உறுப்பினர்கூட இல்லை, எல்லாம் அதிகாரிகள் கையில். அந்த நேரம் மாடி எழும்பவில்லையா? பிளானைப் பாஸ் பண்ணுவது உறுப்பினர் இல்லை. அவரிடம் மனுக் கொடுத்து என்ன பயன்?

வெள்ளவத்தை ஒழுங்கை:
அவர் பிளானைப் பாஸ் பண்ணினார் என்று நான் எங்கே எழுதினேன்? படம் எடுத்து அனுப்பினார் என்றுதான் சொல்கிறேன். அதற்குப் பதவிகூடத் தேவையில்லை, ஒரு போன் போதும்.

கொம்பனித்தெரு நானா:
சண்டை பிடிக்காதீங்க. எங்கட வீடு இருந்த காணி ஒரு பெரிய புரொஜெக்டுக்குப் போனது, பதிலுக்கு பிளாட். சாவி கொடுக்கும் விழாவில் மேடை முழுக்க அரசியல்வாதிகளும் கம்பனி ஆட்களும். வாப்பாவின் கையில் ஒரு முழ நீள அட்டைச் சாவி. போட்டோ முடிந்ததும் ஒரு பையன் வந்து "அங்கிள், அதைத் தாங்க, அடுத்த ஆளுக்கு வேணும்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டான். நிஜச் சாவி வந்தது அடுத்த நோன்பு நேரம். அந்தப் போட்டோ இப்போதும் கம்பனியின் விளம்பரத்தில் இருக்கிறது, வாப்பா சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

கணக்கப்பிள்ளை:
என் மச்சான் ஒருவர் புரோக்கரையும் ஒரு அரசியல்வாதியின் தம்பியையும் நம்பித் தெஹிவளையில் அட்வான்ஸ் கொடுத்து ஏமாந்தார், விரிவாக எழுத விருப்பமில்லை. அதைவிட உருப்படியாக ஒன்று சொல்கிறேன். வீடு வாங்குகிறவர்கள் முதலில் பாஸான பிளானைக் கேளுங்கள், ஷோரூமில் மாட்டியிருக்கும் கலர்ப் படத்தை இல்லை. அதில் எத்தனை மாடி, எத்தனை பார்க்கிங் என்று எண்ணிப் பாருங்கள். சீஓசி இல்லாத கட்டடத்தில் குடியேறவே கூடாது என்பதுதான் சட்டம். அதற்குப் பிறகு, தொடர்மாடியை வீடு வீடாகப் பிரித்துக் காட்டும் கூட்டாதனப் பிளான் காணிப் பதிவகத்தில் பதிந்திருக்கிறதா என்று உங்கள் சொந்த நொத்தாரிசைக் கொண்டு தேடுங்கள், கம்பனி காட்டும் நொத்தாரிசு வேண்டாம். ஆவணம் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகர சபைக்கோ நகர அபிவிருத்தி அதிகார சபைக்கோ எழுதுங்கள், 14 வேலை நாளுக்குள் தருவோம் மாட்டோம் என்று முடிவு சொல்லியாக வேண்டும். தமிழிலேயே எழுதலாம். கோர்ட்டுக்குப் போய் என்ன கிடைக்கும் என்கிறவர்களுக்கு: பொதுத் தேவைக்கென்று சுவீகரித்த பத்தரமுல்லைக் காணி கோல்ஃப் மைதானமான வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கில், 2008 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி சந்திரிகாவையே 30 இலட்சம் ரூபா கட்டச் சொன்னது. மக்கள் நம்பி ஒப்படைத்த அதிகாரத்தைத் தன் இஷ்டத்துக்குப் பாவிக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் அடிப்படையே.

பழைய போஸ்டர் பையன்:
2008ஐ விட்டால் வேறு உதாரணம் கிடைப்பதில்லை, அதையும் கவனியுங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா:
கணக்கப்பிள்ளை, நீங்கள் சொன்னது எல்லாம் வாங்க முதல் செய்வது. நான் வாங்கிவிட்டேனே! மேலதிக மாடியிலும் ஆட்கள் குடிவந்துவிட்டார்கள், அவர்களும் பாவம், காசு கட்டித்தான் வந்திருக்கிறார்கள். இனி அதை இடிக்கச் சொல்வார்களா, அபராதம் கட்டிச் சரிக்கட்டுவார்களா, அதுவரை எங்கள் உறுதி என்ன ஆகும்? இந்த விஷயம் தெரிந்த லோயர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கொட்டாஞ்சேனைக்கு வெளியே என்றால் இன்னும் நல்லது.